கிராபிக்ஸ் கார்டு சொல்லும் வேகமும் அளந்து காணும் வேகமும்

ஒரு கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது என்று அறிய விரும்பும் எவரும் முதலில் நாடுவது ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருளைத்தான். கார்டைக் கணினியில் செருகி மென்பொருளைத் திறந்தால், கார்டின் பெயரும் நினைவகத்தின் அளவும் மையச் சில்லின் கடிகார வேகமும் நினைவகத்தின் கடிகார வேகமும் வரிசையாகத் திரைக்கு வந்துவிடுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி போன்ற ஊர்களில் கல்யாண வீடியோ தொகுக்கும் ஸ்டுடியோக்களும் பிளக்ஸ் வடிவமைக்கும் கடைகளும், சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ மதுரையிலிருந்தோ கைமாறி வரும் பழைய கார்டு ஒன்றை வாங்கும்போது, அதற்கு உத்தரவாதச் சீட்டு எதுவும் இருப்பதில்லை என்பதால், திரையில் தெரியும் அந்த எண்ணே பேரத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது. ஆனால் அந்த எண் அளந்து பெறப்பட்டதன்று. பெரும்பாலும் அது கார்டு தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தை வெளியிலிருந்து ஒரு கருவி கொண்டு சரிபார்க்க முடியுமா, முடியுமென்றால் வானம் பார்த்த இந்தப் பூமியில் கிடைக்கும் வசதிகளைக் கொண்டே அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ ஆகிய பழைய கார்டுகளின் நிரந்தர நினைவகத்தில் உள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரலை மாற்றி எழுதி, அவற்றை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் விற்கும் மோசடி உலகெங்கும் பரவியபோது, மென்பொருள்கள் அந்தப் பொய்ப் பெயரை அப்படியே வாசித்துக் காட்டின. 2018 அக்டோபரில் வெளிவந்த ஜிபியு-இசட்டின் 2.12 பதிப்பில்தான், இத்தகைய போலிகளை அடையாளம் காணும் வசதி சேர்க்கப்பட்டது. பின்னர் 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்னும் மின்பணம் கிராபிக்ஸ் கார்டு கொண்டு ‘சுரங்கம் தோண்டும்’ முறையைக் கைவிட்டபோது, அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றின் கடிகார வேகங்கள் அந்தத் தொழிலுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டிருந்தன. ஆகவே, கார்டின் சொல்லைக் கார்டையே சாட்சியாகக் கொண்டு நம்புவதை விட்டு, வேறொரு சாட்சியைத் தேட வேண்டியிருக்கிறது.

எண் பிறக்கும் இடம்

கணினிச் சில்லு எதுவும் ஒரு சீரான மின்துடிப்புக்கு ஏற்பவே ஒவ்வொரு அடியையும் எடுத்து வைக்கிறது. அந்தத் துடிப்பையே கடிகாரம் என்றும், அது வினாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை அதிர்வெண் என்றும் சொல்கிறோம். வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸ். கிராபிக்ஸ் கார்டின் மூலத் துடிப்பு, அதன் பலகையில் சில்லுக்கு அருகே ஒட்டப்பட்டிருக்கும் சிறிய உலோக உறைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத் துண்டிலிருந்து பிறக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் இம்மியளவு வளையும், வளைத்தால் மின்னழுத்தம் தரும். இந்த இருவழி இயல்பால், சரியான தடிமனில் வெட்டப்பட்ட துண்டு ஒன்றைச் சுற்றில் இணைத்தால் அது தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும்.

என்விடியா கார்டுகளில் இந்தப் படிகம் பொதுவாக 27 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும். இந்த எண் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கிய அதே 1982ஆம் ஆண்டில், டிஜிட்டல் தொலைக்காட்சிக்கான முதல் பன்னாட்டுப் பரிந்துரை உருவானபோது, ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றிய 625 வரி முறைக்கும் அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய 525 வரி முறைக்கும் பொதுவான ஓர் அதிர்வெண் தேவைப்பட்டது. 625 வரி முறையில் வினாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 864 புள்ளிகள் வீதம் பெருக்கினால் சரியாக 13.5 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. 525 வரி முறையிலும் ஒரு வரிக்கு 858 புள்ளிகள் என்று கொண்டால் அதே எண்தான் வருகிறது. அதன் இருமடங்கே 27 மெகாஹெர்ட்ஸ். இன்றைய முழு உயர்தெளிவுத் திரைக்கு வேண்டிய 148.5 மெகாஹெர்ட்ஸும் இதன் சரியான ஐந்தரை மடங்குதான்.

27இலிருந்து 148.5க்கும், பின்னர் பார்க்கவிருக்கும் ஒரு கார்டின் மைய வேகமான 1,708க்கும் தாவுவதற்குச் சில்லுக்குள் பி.எல்.எல். எனப்படும் கட்டப் பூட்டு வளையம் இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகமாகவும் குறைத்தால் மெதுவாகவும் ஆடும் அலையாக்கி ஒன்று அதில் உண்டு. அந்த வேகமான அலையை ஒரு வகுப்பான் குறிப்பிட்ட எண்ணால் வகுத்துக் கீழிறக்க, ஒப்பீட்டுச் சுற்று ஒன்று அதைப் படிகத்தின் அலையோடு ஒப்பிட்டு, முந்தினால் பின்னிழுத்தும் பிந்தினால் முன்தள்ளியும் இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறது. 11ஆல் வகுத்த அலை 27 மெகாஹெர்ட்ஸோடு ஒத்துப்போகிறது என்றால், வகுப்பதற்கு முந்தைய அலை 297 மெகாஹெர்ட்ஸ் என்றாகிறது. அதைப் பாதியாக்கினால் 148.5 கிடைக்கிறது.

மென்பொருள் காட்டும் எண்ணின் பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. பெருக்கு எண்ணும் வகு எண்ணும் சில்லின் பதிவேடுகளில் உள்ளன. மென்பொருளோ அதற்குத் தகவல் தரும் ஓட்டுநிரலோ அவற்றை வாசித்து, படிகம் சரியாக 27 மெகாஹெர்ட்ஸில் ஆடுகிறது என்று எடுத்துக்கொண்டு, பெருக்கி வகுத்துக் காட்டுகிறது. படிகம் பத்து லட்சத்தில் 30 பங்கு விலகியிருந்தால், மூலத்தில் அது 810 ஹெர்ட்ஸ் பிழை; அதே விகிதம் 1,708 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 51,000 ஹெர்ட்ஸ் பிழையாக வளர்ந்து நிற்கும். அந்தப் பிழையைக் காண, கார்டுக்கு வெளியே இருக்கும் ஒரு கடிகாரம் வேண்டும்.

தொட்டால் மாறும் துடிப்பு

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் எவரும் முதலில் கையில் எடுப்பது சி.ஆர்.ஓ. என்று மாணவர்கள் சொல்லும் அலைநோக்கியையே. அதன் தொடுகோலின் உறையில் பத்து மெகா ஓம் மின்தடை என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அது சுற்றைச் சற்றும் பாதிக்காது என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கோலின் முனைக்கு ஏறத்தாழ 12 பிக்கோபாரட் மின்தேக்கமும் உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த மின்தேக்கம் தரும் எதிர்ப்பு சுமார் 490 ஓம் மட்டுமே. படிகத்தின் இருபுறமும் இருக்கும் மின்தேக்கிகளே பத்து முதல் இருபது பிக்கோபாரட் அளவினவாக இருக்க, கோலின் முனையை அங்கே வைப்பது மூன்றாவது மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பதற்குச் சமம். அதிர்வெண் உடனே இடம்பெயரும். சில சமயம் படிகம் ஆடுவதையே நிறுத்திவிட, திரை இருண்டுபோகும். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

இதற்கு மாற்று, தொடாமல் அளப்பது. ஒரு கோஆக்சியல் கம்பியின் உள்கம்பியை விரல்நுனி அளவு வளையமாக வளைத்து, அதன் வெளிவலையோடு பற்றவைத்தால், காந்தப் புலத்தை உணரும் சிறு ஏற்பி தயாராகிவிடுகிறது. அதைப் படிகத்துக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில் பிடித்தால், படிகச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப் புலம் வளையத்தில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டும்; சுற்றின் மின்தேக்கம் மாறுவதில்லை. சமிக்ஞை வலுவற்றது என்பதால் ஒரு பெருக்கி தேவைப்படலாம்.

அலைநோக்கியின் திரையோரத்தில் தெரியும் அதிர்வெண்ணையும் அப்படியே ஏற்பதற்கில்லை. சாதாரண டிஜிட்டல் அலைநோக்கியின் உள்கடிகாரமே பத்து லட்சத்தில் 25 முதல் 50 பங்கு வரை விலகியிருக்க அனுமதி பெற்றது. அளக்கப்படும் படிகமும் ஏறத்தாழ அதே தரத்தது. அலையின் வடிவத்தையும் இரைச்சலையும் காண அலைநோக்கி சிறந்தது; எண்ணிக்கைக்கு ஃப்ரீக்வென்சி கவுண்டர் என்னும் அதிர்வெண் எண்ணியே ஏற்றது.

விஜிஏ முனையில் ஓர் எளிய சோதனை

கார்டின் உறையைத் திறக்காமலே அதன் மூலப் படிகத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பழைய கார்டுகள் மிகுந்த சிற்றூர்களுக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஜிடி 710 போன்ற மலிவு விலைக் கார்டுகளின் பின்புறத்தில் பதினைந்து ஊசித் துளைகள் கொண்ட நீல நிற விஜிஏ முனை இருக்கும். அதன் 13ஆவது துளையில், திரையின் ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது ஒரு துடிப்பு வெளிப்படுகிறது; 10ஆவது துளை அதற்கான தரைமுனை. இந்தத் துடிப்பு நீண்ட கம்பியை ஓட்டவென்றே வலுவாக அனுப்பப்படுவதால், அதிர்வெண் எண்ணியை இணைப்பதால் அது அசைவதில்லை.

திரையை 1920க்கு 1080 என்ற அளவில், வினாடிக்கு 60 சட்டங்கள் என்ற தரநிலை நேர அமைப்பில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து ஒரு வரிக்கு 2,200 புள்ளிகளும் ஒரு சட்டத்துக்கு 1,125 வரிகளும் அமைகின்றன. 148.5 மெகாஹெர்ட்ஸை 2,200ஆல் வகுத்தால், வினாடிக்குச் சரியாக 67,500 வரித் துடிப்புகள் வர வேண்டும். ஓரங்களைச் சுருக்கிய வேறொரு நேர அமைப்பும் புழக்கத்தில் உள்ளதால், ஓட்டுநிரலின் அமைப்புப் பக்கத்தில் மொத்தப் புள்ளிகளும் வரிகளும் மேற்சொன்னவாறு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணி ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வாயிலைத் திறந்துவைத்து, உள்ளே வரும் துடிப்புகளை எண்ணுகிறது. ஒரு வினாடி மட்டும் திறந்துவைத்தால் 67,500இல் ஒரு துடிப்பு கூடவோ குறையவோ செய்யலாம். அதுவே பத்து லட்சத்தில் 15 பங்கு ஐயம். பத்து வினாடி திறந்துவைத்தால் ஐயம் ஒன்றரைப் பங்காகச் சுருங்குகிறது. நூறு வினாடியில் அது ஒரு பங்கிலும் கீழே போய்விடுகிறது. பத்து வினாடியில் 6,75,020 துடிப்புகள் பதிவானால், கார்டு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 30 பங்கு வேகமாக ஓடுகிறது என்றும், உறையில் 27 என்று எழுதப்பட்ட படிகம் உண்மையில் 2,70,00,800 ஹெர்ட்ஸில் ஆடுகிறது என்றும் முடிவுக்கு வரலாம். பொறுமையைத் துல்லியமாக மாற்றிக்கொள்ளும் இந்த வசதி அதிர்வெண் அளவீட்டுக்கே உரிய பெருமை. இயற்பியலில் வேறெந்த அளவையும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நுட்பமாக அளக்க முடிவதில்லை.

இதே விஜிஏ முனை போலிகளையும் காட்டிக்கொடுக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சார்ந்த தலைமுறையில் என்விடியா விஜிஏ உள்ளிட்ட அனலாக் வெளியீட்டையே கைவிட்டுவிட்டது. ஆகவே அந்தப் பெயரோடு விற்பனைக்கு வரும் கார்டில் நீல நிற முனை இருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே அதை ஐயத்தோடு பார்க்கலாம்.

உள்ளே ஒளிந்திருக்கும் துடிப்பு

மையச் சில்லின் துடிப்பு சில்லுக்குள்ளேயே பிறந்து சில்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொட்டு அளக்க வெளியே ஒரு முனையும் இல்லை. ஜிடிஎக்ஸ் 1060 கார்டை எடுத்துக்கொண்டால், அதன் அடிப்படை வேகம் 1,506 மெகாஹெர்ட்ஸ், சுமை ஏறும்போது எட்டக்கூடியதாக நிறுவனம் அறிவித்த வேகம் 1,708 மெகாஹெர்ட்ஸ். இவற்றைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, துடிப்புகளைச் சில்லையே எண்ண வைத்து, காலத்தை மட்டும் வெளியிலிருந்து அளப்பது. என்விடியா சில்லுகளின் ஒவ்வொரு செயல்தொகுதியிலும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூடும் எண்ணி ஒன்று இருக்கிறது. நிரலுக்குள்ளிருந்து அதை வாசிக்க முடியும். ஒரு நிரலைச் சில்லில் ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் அந்த எண்ணியை வாசித்து, இடைப்பட்ட காலத்தை இணையவழி நேரத்தோடு ஒத்திசைத்த கணினிக் கடிகாரத்தால் அளந்தால், வகுத்து வரும் எண்ணே சராசரி அதிர்வெண். கைபேசி இணையத்தின் வழியே வரும் நேரத்தில் இரு முனையிலும் பத்துப் பத்து மில்லிவினாடி பிழை இருந்தாலும், பத்து நிமிட ஓட்டத்தில் அது பத்து லட்சத்தில் 33 பங்கே ஆகிறது. இந்தத் தேவைக்கு அது போதும். இங்கே எண்ணுவது கார்டு என்றாலும் காலத்தின் சாட்சி கார்டுக்கு வெளியே இருக்கிறது.

இரண்டாவது வழி, சில்லிலிருந்து கசியும் ரேடியோ அலையைக் கேட்பது. மின்னோட்டம் சீராகத் துடிக்கும் இடமெல்லாம் அந்த அதிர்வெண்ணில் மெல்லிய அலை வெளிவருகிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்னும் அலைநிரல் பகுப்பியில், எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு இருக்கிறது என்பது சிகரங்களாகத் தெரியும். அது விலையுயர்ந்த கருவி. ஆனால் டிஜிட்டல் தொலைக்காட்சி ஏற்பிக்காகச் செய்யப்பட்ட ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் சிறு யுஎஸ்பி துண்டு, சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்பதால், ஜிடிஎக்ஸ் 1060இன் அறிவிக்கப்பட்ட இரு வேகங்களும் அதன் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. வளைய ஏற்பியை அதில் இணைத்து, கார்டின் சுமையை ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், சுமையோடு சேர்ந்து இடம்பெயரும் சிகரமே மையத் துடிப்பு. இடம் மாறாமல் நிற்பவை கணினியின் பிற பகுதிகளுக்கு உரியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தாய்ப்பலகை கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பும் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தேடுபவர் கூர்மையான சிகரத்துக்குப் பதிலாக 99.5 முதல் 100 வரை பரந்த ஒரு மேட்டைக் காண நேரலாம். எண்ணியில் அளந்தால் 99.75 என்று சராசரி வரும். இது கோளாறன்று. ரேடியோ இரைச்சல் ஒரே புள்ளியில் குவியாமல் இருக்க, அந்தத் துடிப்பை வினாடிக்கு முப்பதாயிரத்துக்கும் சற்று மேற்பட்ட முறை அரை சதவீதம் கீழே இழுத்து மேலே விடும்படி வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள்.

நினைவகத்தின் எண்ணிலும் தெளிவு வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060இன் நினைவக வேகம் ஓரிடத்தில் 2,002 என்றும் வேறோரிடத்தில் 8,008 என்றும் காட்டப்படும். ஒரு கட்டளைத் துடிப்புக்கு நான்கு முறை தரவு நகர்வதே காரணம். முன்னது துடிப்பு, பின்னது தரவின் வேகம்.

துடிப்பை அளந்துவிட்டவருக்கு இன்னொரு பயனும் கிடைக்கிறது. ஒரு கார்டின் உச்சக் கணிப்புத் திறன் என்பது, அதிலுள்ள கணிப்பு மையங்களின் எண்ணிக்கையை அவற்றின் அதிர்வெண்ணால் பெருக்கி இரட்டித்தால் வருவது. 1,280 மையங்கள் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060க்கு அது வினாடிக்கு 4.37 லட்சம் கோடிக் கணக்குகள். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினியின் 838 டெராஃபிளாப், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள் என்ற திறனுக்கும் இதே பெருக்கலே அடிப்படை. உண்மையான ஜிடிஎக்ஸ் 1050 டிஐயில் 768 மையங்கள். 1,392 மெகாஹெர்ட்ஸில் அது 2.1 டெராஃபிளாப்பைத் தொடும். 192 மையங்களே கொண்ட ஜிடிஎக்ஸ் 550 டிஐ, அதன் மையங்கள் 1,800 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும், 0.69ஐத் தாண்டாது. பயாஸில் எந்தப் பெயரை எழுதினாலும், அளந்த காலத்தில் முடிந்த வேலையின் அளவை மாற்றி எழுத முடியாது.

வெயில் செய்யும் இரண்டு வேலைகள்

கார்டுகளின் ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்படுபவை. கத்திரி வெயில் காலத்தில் நாற்பது டிகிரியை ஒட்டி நிற்கும் கரிசல் பூமியில், ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ வேய்ந்த அறையில் ஓடும் கார்டின் கதை வேறு. வெப்பம் அதிர்வெண்ணை இரண்டு வழிகளில் பாதிக்கிறது. அந்த இரண்டையும் பிரித்தறிவதே இவ்வட்டாரத்தில் அளப்பவரின் முதன்மைக் கடமை.

ஒன்று, படிகத்தின் நகர்வு. வெப்பநிலை மாறும்போது குவார்ட்ஸின் அதிர்வெண் மெல்லிய வளைகோட்டில் ஏறி இறங்குகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி அந்த மாற்றம் மிகக் குறைவாக இருக்குமாறு படிகத்தை வெட்டும் கோணம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சூடான சில்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், அதன் விலகல் பத்து லட்சத்தில் சில பங்குகள் முதல் சில பத்துப் பங்குகளுக்குள் அடங்கிவிடும்.

மற்றொன்று, சில்லே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. ஜிடிஎக்ஸ் 1060 தன் சில்லின் வெப்பநிலையை 83 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க முயல்கிறது. அந்த எல்லை நெருங்கும்போது படிகத்தைத் தொடாமல் பெருக்கு எண்ணை மாற்றி, ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள படிகளாகக் கீழிறங்குகிறது. 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிற்கும் கார்டு அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று பொருள். அதே சுமையும் அதே விசிறி வேகமும் 40 டிகிரி அறையில் அதை 85க்குக் கொண்டுபோக முயலும் என்பதால், வேகக் குறைப்பு தொடங்கிவிடும். குளிர்ந்த அறையில் எடுத்த சோதனை எண்ணை நம்பி வாங்கியவருக்குத் திருச்சுழியின் மே மாதத்தில் அந்த எண் கிடைக்காமல் போவது இதனாலேயே.

ஒரு படி இறங்கினால் முக்கால் சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 7,600 பங்கு. படிகத்தின் நகர்வோ அதில் நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. எனவே அளவீட்டில் பெரிய சரிவைக் கண்டவர் படிகத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தூசியடைந்த விசிறியையும் காய்ந்துபோன வெப்பப் பசையையும் அறையின் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும். காற்றில் புழுதி மிகுந்த இவ்வட்டாரத்தில் விசிறியின் இறக்கைகளுக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே மண்படலம் படிவதைத் துடைத்து, துடைப்பதற்கு முன்னும் பின்னும் அரைமணி நேரச் சுமையில் சராசரி அதிர்வெண்ணை எழுதிவைத்தால், பராமரிப்பின் பயன் எண்ணாகவே தெரிந்துவிடும். அறையின் வெப்பநிலையைப் பக்கத்தில் குறிக்காத எந்த அதிர்வெண் அளவீடும் இங்கே அரைகுறையானது.

எண்ணியின் கடிகாரத்துக்குச் சாட்சி எது

கார்டின் படிகத்தை எண்ணியின் படிகத்தோடு ஒப்பிட்டோம். எண்ணியின் படிகம் சரியென்று எப்படித் தெரியும்? பருத்தியும் மிளகாயும் கரிமூட்டையும் எடைபோட்டு விற்கும் கடையில் எடைக்கல்லின் முத்திரை எதற்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் அளவுக் கருவிகளுக்கும் அளவுத்திருத்தச் சான்று தேவைப்படுகிறது. சென்னை திருவான்மியூரில், ஒன்றிய அரசின் எஸ்டிக்யூசி இயக்ககத்தின்கீழ் இயங்கும் மின்னணுச் சோதனை மற்றும் மேம்பாட்டு மையம் போன்ற ஆய்வகங்கள் இத்தகைய கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. அவற்றின் கருவிகள் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்களோடு ஒப்பிடப்படுகின்றன. அவையோ பாரிஸை அடுத்த பன்னாட்டு எடையளவு அலுவலகத்தின்வழி உலக நேரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. 1967 முதல் ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் காலம் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், சங்கிலியின் கடைசிக் கண்ணி எந்த நாட்டின் கைப்பொருளும் அன்று, இயற்கையே.

இந்தச் சங்கிலி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னையில் நிறுவிய வானாய்வகத்தில் விண்மீன்களைக் கண்டு கடிகாரம் திருத்தப்பட்டது. 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் அதன் நெட்டாங்கைக் கணித்து, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய மதராஸ் நேரத்தை வகுத்தார். பின்னாளில் தந்திக் கம்பி வழியே அந்த நேரம் ஊர் ஊராகச் சென்று ரயில் வண்டிகளை ஓட்டியது. 1906இல்தான் இந்தியத் தர நேரம் அதன் இடத்தைப் பிடித்தது. 78.2 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கும் திருச்சுழியில் சூரியன் காட்டும் சராசரி நண்பகல், இந்தியத் தர நேரத்துக்குப் பதினேழு நிமிடம் பிந்தி வருகிறது. வெயிலின் நிழலைப் பார்த்து வாழ்ந்த ஊரைக்கூட ஒரே கடிகாரத்தோடு இணைப்பதற்கு, தொலைவிலிருந்து நம்பத்தக்க துடிப்பு ஒன்று வந்துசேர வேண்டியிருந்தது.

இன்று அந்தத் துடிப்பு வானிலிருந்தே இறங்குகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அவற்றின் சமிக்ஞையை ஏற்று வினாடிக்கொரு துடிப்பு தரும் ஏற்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்தத் துடிப்பைக் கொண்டு 10 மெகாஹெர்ட்ஸ் படிக அலையாக்கி ஒன்றை ஓயாமல் திருத்தும் கருவியை எண்ணியின் வெளிக்கடிகார முனையில் இணைத்தால், மாவட்டத் தலைநகருக்குக்கூடப் போகாமல், பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிட மிக நுட்பமான ஒப்பீடு கைக்கு வந்துவிடுகிறது. இந்தியாவின் நாவிக் அமைப்பிலும் இதே வசதி உண்டு. அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதானபின், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்தோடு 2023 மே 29 அன்று என்விஎஸ்-01 ஏவப்பட்டது.

மலையோ அடுக்குமாடியோ மறைக்காத திருச்சுழியின் திறந்த வானம் இந்த வேலைக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பா ஏவுதளம் அங்கே அமைந்ததும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் நடத்துவதும் அதனாலேயே. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழும்பி, செயற்கைக்கோள் சமிக்ஞைகளைத் தடுமாறச் செய்வதுண்டு. ஆகவே நுட்பமான ஒப்பீட்டை முற்பகலில் வைத்துக்கொள்வது இவ்வட்டாரத்துக்கு உகந்தது.

ஆய்வகங்கள் செய்யத்தக்கது

விருதுநகர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அலைநோக்கியும் அதிர்வெண் எண்ணியும் செய்முறைத் தேர்வுக்காக ஏற்கனவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் மாணவர்கள் அளப்பது பெரும்பாலும் சமிக்ஞை ஆக்கி தரும் அலையை, அதாவது விடை முன்பே தெரிந்த ஒன்றை. அதற்குப் பதிலாக ஊரிலுள்ள ஸ்டுடியோ ஒன்றின் பழைய கார்டை ஆய்வக மேசைக்குக் கொண்டுவந்து, விஜிஏ முனையின் வரித் துடிப்பையும், பத்து நிமிடச் சுமையின் சராசரி மையத் துடிப்பையும், முடிந்த வேலையின் அளவையும், அறையின் வெப்பநிலையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், மாணவர் உண்மையான அளவீட்டைக் கற்பார்; கடைக்காரர் தான் கொடுத்த பணத்துக்கு என்ன வாங்கினார் என்று அறிவார். இதற்கு எண்ணியோடு இணைக்கும் ஜிபிஎஸ் ஏற்பி ஒன்றைத் தவிரப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கணினிக்கு இந்திய நேரத்தைத் தருவதற்கான வழியும் திறந்தே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்களின் கணினிகள் தேசியத் தகவலியல் மையத்தின் நேரச் சேவையகங்களோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களோடோ, அல்லது அவற்றைச் சார்ந்த சேவையகங்களோடோ ஒத்திசைந்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்த ஒத்திசைவைச் செய்துவிட்ட ஒரு கணினி, மையத் துடிப்பை எண்ணும் சோதனைக்கு அப்போதே தயாராகிவிடுகிறது.

ஒரு கார்டின் வேகத்தை மெகாஹெர்ட்ஸில் சொல்பவரிடம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது போதாது. எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் எண்ணி, எந்த வெப்பநிலையில் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் தாளோடு விற்கப்படும் பழைய கார்டு, பளபளப்பான பெட்டியில் வரும் பெயர் தெரியாத கார்டைவிட மேலானது. அந்தத் தாளைத் தரும் திறமை சென்னைக்கும் டெல்லிக்கும் மட்டும் உரியதன்று, அருப்புக்கோட்டையின் ஆய்வக மேசையிலும் அது முழுமையாகச் சாத்தியமானதே.